மூடி, கிண்ணம், தட்டு

ஜூன் 2

தோழி செண்பகவல்லியின் வீட்டில் ஒரு கிண்ணம் உடைந்தது. உடைத்தது நான்.

நடந்ததை மட்டும் எழுதுகிறேன். இந்தக் குறிப்பேட்டின் விதி அது. உணர்ச்சிச் சொற்கள் கூடாது. எம்.ஏ. படித்த காலத்து நோட்டுகளைச் சென்ற வாரம் எடுத்துப் படித்தேன். பக்கத்துக்குப் பக்கம் நிலா. அதன்பின் எடுத்த முடிவு.

பொருள்: கைவான். சீனப் பீங்கான். மூன்று துண்டு. கீழே தட்டு, நடுவே கைப்பிடி இல்லாத கிண்ணம், மேலே மூடி. கிண்ணத்தில் தேயிலையைப் போட்டு வெந்நீர் ஊற்றி மூட வேண்டும். பிறகு மூடியைச் சற்றே சாய்த்து, இலை வாய்க்கு வராமல் உறிஞ்ச வேண்டும். வடிகட்டி வேண்டாம். செண்பகம் தவளை ஆராய்ச்சிக்காக சீனாவின் செங்டு நகரத்தில் ஆறு மாதம் இருந்தபோது வாங்கி வந்தது. சட்டைத் துணிகளுக்கு நடுவே சுற்றி, மடியில் வைத்து, பாளையங்கோட்டை வரை கொண்டுவந்திருக்கிறாள்.

நிகழ்ச்சி: எங்கள் வீட்டில் பாத்திரத்தில் யாரும் வாய் வைப்பதில்லை. தண்ணீர், மோர், காப்பி எல்லாம் அண்ணாந்துதான். பிறர் வீட்டில் இன்னும் கவனம். ஆகவே கைவானைத் தட்டோடு உயர்த்தி அண்ணாந்தேன். முதலில் மூடி வந்தது, மூக்கின் மேல். அடுத்து தேநீர், சட்டையின் மேல். கடைசியாகக் கிண்ணம்.

"அண்ணாந்தா குடிப்ப?" என்றாள்.

"எச்சி பண்ண வேண்டாம்னு..."

"உனக்குத்தான ஊத்திக் குடுத்தேன். உன் எச்சியால உனக்கே என்ன வந்துரும் குமரா?"

உடைந்த துண்டுகளைப் பொறுக்கினேன்.

மூக்கில் ஐஸ் வைத்தாள். அவள் விரல்கள் குளிர்ந்திருந்தன. ஐஸ் காரணமாக.

ஜூன் 3

புதிய கைவான் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். இது பொறுப்பு சம்பந்தப்பட்டது. வேறொன்றும் இல்லை.

ஜூன் 5

பாத்திரக்கடை வைத்திருப்பவரின் மகன் ஒரு பாத்திரத்துக்காக அலைவது என்ன வகையான அபத்தம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கடை டவுன் ரத வீதியில். அப்பா வேலாயுதம், முப்பது ஆண்டுகளாக எவர்சில்வர். பித்தளையையே பழங்கதை என்பார். பீங்கானை அவர் பாத்திரமாகக் கருதுவதில்லை.

போனில் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.

"என்னல இது, ஊறுகா வைக்கதா?"

"டீ குடிக்கிறதுப்பா."

"மூடி எதுக்கு?"

"மல்லிகைப் பூ போட்ட டீ. வாசம் போகாம இருக்க."

"பூவ டீயில போட்டுட்டா தலையில என்னத்த வைக்கது?" என்றார். பிறகு எழுந்து அலமாரிக்குப் போய் ஒரு சின்னக் கிண்ணம், ஒரு தட்டு, பொடி டப்பாவின் மூடி மூன்றையும் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். "இந்தா. உன் சீனாச் சாமான். கீழ போட்டாலும் ஒடையாது."

சோதித்தேன். வெந்நீர் ஊற்றியதும் கையில் பிடிக்க முடியவில்லை. மூடி கிண்ணத்துக்குள் விழுந்து மூழ்கியது. கரண்டியால் எடுத்தோம்.

"கைப்பிடி வச்சுக்கலாம்" என்றார் அப்பா. "ஐசக் பத்த வச்சு ஒட்டித் தருவான்."

வாசலருகே பெயர் வெட்டும் மிஷினோடு உட்கார்ந்திருக்கும் ஐசக் அண்ணன் தலையை நிமிர்த்தி, "கைப்பிடி, மூக்கு ரெண்டும் வச்சிருவோம் தம்பி" என்றார். மூக்கு என்றபோது என் மூக்கைப் பார்த்தார்.

ஜூன் 9

நல்ல கைவானின் இலக்கணம் குறித்து நிறையப் படித்தேன். சுவர் மெல்லியதாக இருக்க வேண்டும். வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் விரலின் நிழல் தெரிய வேண்டும். வாய் வெளிப்பக்கம் நன்றாக விரிந்திருந்தால்தான் விரல் சுடாது. மூடி இறுகக் கூடாது, ஆடவும் கூடாது. சுண்டினால் ஓசை நீள வேண்டும்.

ஒரு பொருள் இவ்வளவு தெளிவாக இருக்க முடிகிறது. என்னால் முடியவில்லை.

மேலே உள்ள வரி விதிமீறல். அடிக்கவில்லை. ஆவணமாக இருக்கட்டும்.

ஜூன் 14

இணையத்தில் வாங்கியது வந்தது. படத்தில் பீங்கான். பெட்டியில் பிளாஸ்டிக். அளவு, பொம்மைக் கல்யாணத்துக்கு ஏற்றது. மேலே ஒரு டிராகன், அதற்கு ஆட்டின் முகம்.

அப்பா அதில் பல் குத்தும் குச்சிகளைப் போட்டு கல்லாவில் வைத்துக்கொண்டார்.

ஜூன் 16

செண்பகம் கல்லூரி முடிந்து வந்தாள். கடை எதிரே உள்ள ஓட்டலில் காப்பி. இரண்டு பேரும் டபராவில் ஆற்றிக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

"செங்டுல எடம் கெடச்சிருச்சு குமரா. இந்தத் தடவ ரெண்டு வருசம். ஜூலை கடைசில கெளம்புதேன்."

"நல்லது" என்றேன்.

"அவ்வளவுதானா?"

"தவளைகளுக்கும் நல்லது."

அவள் காப்பியைக் குடித்து முடித்தாள். டம்ளரில் வாய் வைத்து.

போகும்போது, "கைவான் தேடாத. நான்தான் அதுங்க ஊருக்கே போறேனே. அங்க தெருவுக்குத் தெரு விக்கான்" என்றாள்.

ஜூன் 17

இந்த விஷயத்தைத் தர்க்கப்படி அணுக வேண்டும். கைவான் தேவைப்பட்டவள் கைவான்கள் நிறைந்த ஊருக்குப் போகிறாள். எனவே தேடல் பொருளற்றது. எனவே நிறுத்தலாம்.

மதியம் மதுரைக்குப் பஸ் ஏறினேன்.

ஜூன் 18

மதுரையில் இல்லை. ஓட்டல் சாமான் விற்கும் கடையில் மூடி போட்ட சூப் கிண்ணம் காட்டினார்கள். இன்னொரு கடையில், "ஜாடியா? நெல்லிக்காய்க்கா, மாங்காய்க்கா?" மூன்றாவது கடைக்காரர் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, இது சாமிக்குப் படைக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஜூன் 23

ஒரு வாக்கியம் தயார் செய்கிறேன். அவள் கிளம்புமுன் சொல்வதற்கு. கைவானைக் கொடுக்கும்போது சொல்லிவிட்டால் இயல்பாக இருக்கும். கைவான் இல்லாவிட்டால் வெறும் கையோடு அந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டிவரும். அது நடக்காது. என்னை எனக்குத் தெரியும்.

இதுவரை வாக்கியத்தில் வினைச்சொல் இல்லை.

ஜூன் 26

ஐசக் அண்ணன் சொன்னார்: "தூத்துக்குடியில மச்சாதுன்னு ஒருத்தரு. கப்பல்ல இருந்து எறங்குற பழைய சாமானா வாங்கி விப்பாரு. எங்க சித்தப்பாவுக்குப் பழக்கம். சீனாக் கப்பலும் வருதுல்லா தம்பி. போய்ப் பாருங்க."

ஜூன் 28

தூத்துக்குடி. துறைமுகத்துக்குப் போகும் சாலையில் தகரக் கொட்டகை. உள்ளே கப்பல் விளக்குகள், கயிறு, வட்டச் சன்னல்கள், ரஷ்ய எழுத்து போட்ட அண்டாக்கள். நடுவில் சாய்வு நாற்காலியில் மச்சாது அண்ணன். எழுபது வயது இருக்கும். வாயில் பல் இல்லை.

படத்தைக் காட்டினேன். பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு தன் பக்கத்து ஸ்டூலைப் பார்த்தார்.

ஸ்டூலின் மேல் கைவான் இருந்தது.

வெள்ளை. ஓவியம் இல்லை, பூ இல்லை. தட்டு, கிண்ணம், மூடி. வாய் வெளிப்பக்கமாக விரிந்திருந்தது. சன்னல் வெயில் அதன் சுவருக்குள் தங்கியிருந்தது. நான் இத்தனை நாள் படித்த இலக்கணமெல்லாம் அந்த ஸ்டூலின் மேல் உட்கார்ந்திருந்தது.

"எடுத்துப் பாக்கலாமா அண்ணே?"

"பாரு. மெதுவா."

மூடியைத் திறந்தேன். உள்ளே அவருடைய பல் செட்.

மூடிவிட்டேன்.

"ஊறப் போட்டிருக்கேன்" என்றார். "சீனாக்காரக் கேப்டன் குடுத்தது. பன்னெண்டு வருசமா பல்லு இதுலதான் ஒறங்குது. விக்கதுக்கு இல்ல."

"வேற ஒண்ணு கெடைக்குமா?"

"கப்பல்ல இப்பல்லாம் பேப்பர் கப்புதாம் தம்பி." பிறகு, "யாருக்கு?" என்றார்.

"ஒரு தோழிக்கு. தவளை ஆராய்ச்சி செய்றாங்க. வெளிநாடு போறாங்க."

"அப்ப தவளைக்கா இது?"

"இல்ல, டீ."

அவர் பொக்கை வாயால் சிரித்தார். "எனக்கு என்ன வேணும்னா, இந்த மூடி நிக்க மாட்டேங்கு. பூனை வந்து தட்டி விட்டுருது. பல்லத் தூக்கிட்டு ஓடுது. ரெண்டு தடவ கருவாட்டுக் கடையில போய்ப் பல்ல மீட்டேன். நல்லா இறுக்கமா மூடி போட்ட எவர்சில்வர் டப்பா ஒண்ணு கொண்டா. இத எடுத்துட்டுப் போ."

எவர்சில்வர். என் வாழ்க்கையில் முதன்முறையாக அந்தச் சொல் இனித்தது.

ஜூன் 29

அப்பாவிடம் இறுக்கமான மூடி கொண்ட டப்பா கேட்டேன். யாருக்கு, எதற்கு, எவ்வளவு பெரியது என்று கேட்கவில்லை. பொதுவாக அவர் வாடிக்கையாளர்களிடம் மூன்றையும் கேட்பார்.

ஜூலை 3

ஆனித் தேர். ரத வீதியில் கால் வைக்க இடமில்லை. கடையைப் பாதி அடைத்திருந்தோம். தேர் எங்கள் கடைக்கு முன்னால் வந்து நின்றுவிட்டது. சக்கரத்துக்குக் கட்டை மாற்றிக்கொண்டிருந்தார்கள். வடம் பிடித்த கூட்டத்திலிருந்து செண்பகம் வியர்வையோடு கடைக்குள் ஏறி வந்தாள்.

அப்பா அவளை இதுவரை பார்த்ததில்லை.

"வாம்மா. தவளையெல்லாம் சௌக்கியமா?" என்றார்.

தவளை பற்றி அவருக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. நான் ஓரிரு முறை சொல்லியிருக்கலாம். சாப்பிடும்போது.

அவள் சிரித்துவிட்டாள். "சௌக்கியம் மாமா. எனக்கு ஒரு டிபன் பாக்ஸ் வேணும். அங்க கொண்டு போக."

அப்பா கடையிலேயே கனமான டிபன் பாக்ஸை எடுத்தார். ஐசக் அண்ணன் கேட்காமலேயே மிஷினை ஓட்டினார். புள்ளி புள்ளியாக 'செண்பகவல்லி' என்று மூடியில் விழுந்தது. முந்தின வாடிக்கையாளருடைய டப்பா பக்கத்தில் இருந்தது: 'மச்சாது'.

"பேரு எதுக்கு மாமா வெட்டுறீங்க? அங்க யாரு தமிழ் படிப்பா?"

"யாரு படிச்சா என்ன, படிக்காட்டா என்னம்மா. நம்ம பாத்திரம் கல்யாண வீட்டுக்குப் போகும். பக்கத்து வீட்டுக்குக் கொழம்பு கொண்டுட்டுப் போகும். கோயில் கொடைக்குப் போகும். பேரு இருந்தா எங்க போனாலும் வீட்டுக்குத் திரும்பிரும்."

"யாரு பேர வெட்டணும்?"

"யாருக்குச் சொந்தமோ அவங்க பேரு. மத்தவங்க கையில இருக்கது எல்லாம் இரவல்தான்."

வெளியே தேர் நகர்ந்தது. கூச்சலில் அவள் சொன்ன அடுத்த வாக்கியம் கேட்கவில்லை. என்ன என்று கேட்டேன். ஒண்ணுமில்லை என்றாள்.

ஜூலை 7

தூத்துக்குடி. பரிமாற்றம் முடிந்தது. மச்சாது அண்ணன் டப்பாவை மூடினார், குலுக்கினார், தலைகீழாகப் பிடித்தார். பூனையிடம் காட்டினார். தன் பெயரை விரலால் தடவினார்.

"பேரு வேற போட்டிருக்கியா. இனி கருவாட்டுக் கடையில கெடந்தாலும் வீட்டுக்கு அனுப்பிருவான்."

பிறகு பல்லைப் போட்டுக்கொண்டு தெளிவாகச் சொன்னார்: "அந்தப் பிள்ளைகிட்ட பல்லப் பத்திச் சொல்லாத."

ஜூலை 8

கைவானைக் கொதிக்க வைத்தேன். வெந்நீர், உப்பு. வெந்நீர், எலுமிச்சை. மீண்டும் வெந்நீர். அம்மா சாம்பார்ச் சட்டியைக் கேட்டாள். தர மறுத்தேன்.

முகர்ந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. பீங்கானுக்கு நினைவு இல்லை. அதுதான் அதன் சிறப்பு என்று படித்திருக்கிறேன்.

எனக்கு இருக்கிறது. மூடியைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பல் வரிசை என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.

ஒழுக்கக் கேள்வி: சொல்லலாமா? எச்சிலுக்குப் பயந்து ஒரு கிண்ணத்தை உடைத்தவன், பன்னிரண்டு ஆண்டு எச்சிலில் ஊறிய கிண்ணத்தைப் பரிசளிக்கிறான். இதில் ஒரு ஆழமான கருத்து இருக்க வேண்டும். கண்டுபிடிக்க முடியவில்லை.

ஜூலை 10

அப்பா கைவானை எடுத்துப் பார்த்தார். விரல் கணுவால் சுண்டினார். ஓசை நீண்டது. இன்னொரு முறை சுண்டினார்.

"சத்தம் நல்லாருக்கு" என்றார். பீங்கானைப் பற்றி அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை. "கடையிலயே வச்சிட்டுப் போ. அட்டைப் பெட்டி, வைக்கோல் எல்லாம் இங்கதான் இருக்கு. நான் கட்டி வைக்கேன்."

ஜூலை 15

வாக்கியத்தில் வினைச்சொல் சேர்த்துவிட்டேன். 'இருக்கிறது.'

என்ன இருக்கிறது என்பது இன்னும் முடிவாகவில்லை.

ஜூலை 19

சாரல் காற்று. கடையில் தொங்கும் கரண்டிகள் நாள் முழுக்க ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன. வேலை எதுவும் ஓடவில்லை.

ஜூலை 25

நாளை மாலை ரயிலில் அவள் சென்னை போகிறாள். அங்கிருந்து விமானம். இன்று மத்தியானம் பெட்டியோடு பாளையங்கோட்டை போனேன். அவள் வீட்டில் எல்லோரும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். கூடத்தில் திறந்த சூட்கேஸ். மேலாக அந்த டிபன் பாக்ஸ்.

பெட்டியைப் பிரித்தாள். வைக்கோலை விலக்கினாள். கிண்ணத்தைச் சன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். அவள் விரல்களின் நிழல் மறுபக்கம் தெரிந்தது.

"எங்க குமரா புடிச்ச இத?"

"தூத்துக்குடி. கப்பல் சாமான்." இதுவரை உண்மை.

"நான் போற எடத்துக்கே இதக் கொண்டு போகச் சொல்லுத." சிரித்தாள். ஆனால் கீழே வைக்கவில்லை.

மல்லிகைத் தேயிலை தீர்ந்துவிட்டிருந்தது. கடைசியாக மிஞ்சிய கறுத்த இலையைப் போட்டு, கொதிக்கும் நீரை ஊற்றினாள். நான் என் வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே ஊற்றியதில் நீர் நிரம்பி வழிந்து தட்டில் தேங்கியது. மையைப் போன்ற தேநீர்.

அதை வடித்துவிட்டுத் தட்டை வைத்தாள். வெள்ளைத் தட்டில் பழுப்பு நிறத்தில் சில புள்ளிகள் மட்டும் போகாமல் நின்றன. இலைத்தூள் என்று நினைத்துத் துடைத்தாள். போகவில்லை. துடைக்கத் துடைக்கத் தெளிந்தன. வெள்ளையில் இதுவரை தெரியாத நுண்குழிகளில் தேநீர் இறங்கியிருந்தது. புள்ளிகள் வளைந்து வளைந்து ஓரமாகவே ஓடின.

வே. குமரகுருபர

இடம் போதாமல் 'ன்' மட்டும் அடுத்த வரியில்.

எனக்கு அந்த எழுத்து தெரியும். பத்தாயிரம் டம்ளர்களில் பார்த்திருக்கிறேன். ஒரு பெண்ணுக்குக் கொடுக்கிற பரிசில் என் பெயரை, இனிஷியலோடு, வெட்டிக் கொடுத்திருக்கிறேன்.

"ஐசக் அண்ணன்" என்றேன். "கடையில எது கையில கெடச்சாலும் பேரு வெட்டிருவாரு. பழக்கம். குடு, மாத்தித் தாரேன். வேற தட்டு வாங்கித் தாரேன்."

அவள் தரவில்லை. தட்டைத் திருப்பித் திருப்பிப் படித்தாள். அந்த ஒற்றை 'ன்'னில் கட்டைவிரலை வைத்தாள்.

"பேரு யாருதோ அவங்களுக்குத்தான் சொந்தம்னு சொன்னாருல்லா உங்க அப்பா?"

"ம்."

"அப்போ இது எனக்கு இல்ல. இரவல்."

"ம்."

"இரவல் வாங்கினாத் திருப்பிக் குடுக்கணும்லா."

தலையாட்டினேன்.

"பீங்கான். தபால்ல அனுப்பினா ஒடஞ்சிரும். நேர்ல வந்துதான் குடுக்கணும்" என்றாள், சூட்கேஸைப் பார்த்துக்கொண்டு.

இப்போது சொல்லியிருக்க வேண்டும். வாக்கியம் வாய் வரை வந்தது. வெளியே வந்தது வேறு.

"எப்ப திருப்பிக் குடுப்ப?"

"ரெண்டு வருசம்." பிறகு, "நடுவுல ஆனித் தேருக்கு ஒரு தடவ வருவேன். அப்ப காட்டுதேன், ஒடையாம இருக்குன்னு" என்றாள்.

"காட்ட மட்டும் வந்தாப் போதும்" என்றேன். "பொறவு நீயே வச்சிக்கோ. ரெண்டு பேருக்கும் சேத்து."

காது சூடாகியது. இது தயார் செய்த வாக்கியம் அல்ல. இதில் ஒன்றுக்கு மேற்பட்ட வினைச்சொற்கள் இருந்தன.

அவள் கைவானை என் பக்கம் நகர்த்தினாள். "குடி. அண்ணாந்து குடிச்ச, கொன்னுருவேன்."

மூடியைச் சாய்த்தேன். வாய் வைத்தேன். கசப்பு, பிறகு மெல்ல ஒரு இனிப்பு. பாதியில் அவள் வாங்கிக்கொண்டாள். கிண்ணத்தைத் திருப்பவில்லை. நான் குடித்த பக்கத்திலேயே குடித்தாள்.

அந்தக் கணத்தில் மச்சாது அண்ணனின் பல் செட்டை நினைத்தேன். நினைத்திருக்கக் கூடாது.

"ஏன் முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"சூடு" என்றேன்.

ஜூலை 26

ரயில் போய்விட்டது. கைவான் மடியில் இருந்தது. சன்னல் வழியே கை ஆட்டியபோதும் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டுதான் ஆட்டினாள்.

கடைக்கு வந்தேன். அப்பா ஒரு கல்யாணப் பார்ட்டிக்கு அண்டா காட்டிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"குடுத்துட்டியால?"

"இரவல் குடுத்திருக்கேன்."

"ம்" என்றார். அண்டாவை ஓங்கித் தட்டினார். ஓசை கடை முழுக்க நின்றது.

அவர் உள்ளே போனதும் ஐசக் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். "எழுத்து சரியா விழுந்திருந்துச்சா தம்பி? பீங்கான்ல முதல் தடவ. ஒடஞ்சிரக் கூடாதுன்னு லேசாத்தான் குத்தினேன்."

"'ன்' கீழ போயிருச்சுண்ணே."

"ஒங்க பேரு நீளம். நான் அந்தப் பிள்ள பேரத்தான் வெட்டப் போனேன். மொதலாளிதான் கையப் புடிச்சாக. 'அவ பேர வெட்டினா சாமான் அவளோடயே போயிரும்ல, இவன் பேர வெட்டு'ன்னாக."

அப்பா உள்ளே டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தார். சத்தமாக. தேவைக்கு அதிகமாக.

ஜூலை 27

கல்லாவில் ஆட்டு முக டிராகன். குச்சிகள் தீர்ந்துவிட்டன. நிரப்பி வைத்தேன்.

பல் விஷயத்தை அவளிடம் சொல்லியாக வேண்டும். அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனித் தேருக்கு வரும்போது சொல்லலாம். அல்லது அதற்கடுத்த தேருக்கு.

மகிழ்ச்சியாக இருக்கிறேன்.

விதிமீறல். அடிக்கவில்லை.